அகேலா என்னும் தனியன்

கூட்டத்தின் தலைவனுக்குத் ‘தனியன்’ என்று பெயர் வைக்க ஒரு கதைசொல்லிக்குத் துணிச்சல் வேண்டும். ருட்யார்ட் கிப்ளிங்குக்கு அது இருந்தது. பம்பாயில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே இந்துஸ்தானி பேசியவர் அவர். 1894இல் வெளிவந்த ‘ஜங்கிள் புக்’கில் சியோனி மலை ஓநாய்களின் தலைவனுக்கு, அம்மொழியில் ‘தனியன்’ எனப் பொருள்படும் அகேலா என்று பெயரிட்டார். 1916இல் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் சிறுவர்களுக்கென ஓநாய்க்குட்டிப் படையைத் தொடங்கியபோது இந்தக் கதையையே அதற்கு அடித்தளமாக்கினார். அன்றுமுதல் அதை வழிநடத்துபவருக்கு அகேலா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நம் ஊரில் அந்தப் பிள்ளைகள் குருளையர். பெயரிட்டவரைக் கும்பிடத் தோன்றுகிறது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குருளையைச் சொல்கிறது. நாய்க்கும் நரிக்கும் உறவான ஓநாய்க்கு அது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது!

கிப்ளிங்கின் கைத்திறன் அகேலாவை வெற்றிவீரனாகக் காட்டாததில் இருக்கிறது. பாறைமேல் நீட்டிப் படுத்திருக்கும் அவன் அதிகம் பேசுவதில்லை. பன்னிரண்டு பருவங்கள் கூட்டத்தை நடத்தியும் ஓர் ஓநாய்கூடப் பொறியில் சிக்கவில்லை. ஆனால் தலைவன் இரையைத் தவறவிட்டால் அவன் உயிர் கூட்டத்தின் கையில், அதுதான் சட்டம். இளம் ஓநாய்கள் சூழ்ச்சி செய்து அவனைத் தவறவிட வைக்கின்றன. அப்போது நெருப்போடு வந்து காப்பாற்றுபவன், ஓநாய்கள் வளர்த்த மனிதச் சிறுவன் மௌக்லி.

இதைத் திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கிடைக்கும் சுகமே வேறு. கதையில் விலங்குகள் நெருப்பின் பெயரைச் சொல்லவே அஞ்சி, ‘சிவப்புப் பூ’ என்கின்றன. இந்தப் பிள்ளைகளோ கார்த்திகைதோறும் மலையுச்சிக் கொப்பரையில் தீபம் ஏறும் நொடிக்காகக் காத்திருந்து, ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று கூவி வளர்ந்தவர்கள். நெருப்பையே சாமியாகக் கும்பிடுகிறவர்கள். மௌக்லியின் பகைவனான புலி நெருப்பைக் கண்டு நடுங்குவதை அவர்களால் நம்பவே முடிவதில்லை. கேள்விமேல் கேள்வி வரும். கதை அங்கே அரைமணி நேரம் நின்றுவிடும், நிற்கட்டும்.

பலர் மௌக்லி புலியை வென்றதோடு முடித்துவிடுகிறார்கள். 1895இல் வந்த இரண்டாம் நூலின் செந்நாய்க் கதையையும் சொல்லியாக வேண்டும். தக்காணத்திலிருந்து செந்நாய்ப் படை திரண்டு வருகிறது. கிழட்டு அகேலா மௌக்லியை விலகிப் போய்ப் பிழைத்துக்கொள்ளச் சொல்கிறான். தான் நகர மறுக்கிறான். ஒருகாலத்தில் தன்னைக் கொல்லத் துணிந்த அதே கூட்டத்துக்காகப் போரிட்டுச் சாகிறான். குருளையர் வட்டமாகக் குந்தி, கைகளை முன்னங்கால்களாகத் தரையில் ஊன்றி, ஒரே குரலில் அழைப்பது அவனுடைய பெயரைத்தான்.