தீர்ப்பில் இல்லாத ஆள்

‘தமிழ் எம்.ஏ. படிச்சவருக்குத் தீர்ப்பு எதுக்குங்க?’ என்று வக்கீல் நண்பர் கேட்டார். ஒரு பிரதியில் யாருக்கு இடமில்லை என்று தேடுவதுதான் நான் கற்ற படிப்பு. அப்படித்தான் ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கின் தீர்ப்பை வாசிக்கிறேன்.

1989 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ் போய் முலாயம் சிங் யாதவ் ஆட்சி வந்தது. 1990 பிப்ரவரி 6இல் ஒரே சுற்றறிக்கை: எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களுக்கும் அந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை. சிவில், கிரிமினல், ரெவின்யூ எல்லாருக்கும் ஒரே கத்தரி. பதவிக்காலம் மிச்சமிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. செப்டம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தப் பதவியில் பொதுநலன் இருக்கிறது, காரணமின்றி மொத்தமாக நீக்குவது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. நல்ல தீர்ப்புதான்.

ஆனா ஒண்ணு. அந்தச் சுற்றறிக்கைக்கு ஒரு வாரம் முன்னால், ஜனவரி 30இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறப்பு நீதிமன்றம், அதற்குச் சிறப்பு அரசு வழக்கறிஞர் என்றது சட்டம். சேரியில் அடி விழுந்தால் வழக்கு நடத்துவது அடிபட்டவர் அல்ல, அரசு. நம் சனத்தின் வாய் அந்தக் கறுப்புக் கோட்டுதான். அதை ஆட்சிக்கு ஆட்சி பிடுங்கி மாட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் மோதியதோ பதவி போன வக்கீல்களும் பதவி கொடுக்கும் அரசும். புகார் கொடுத்தவள் அதில் கட்சிக்காரி இல்லை.

தேர்தல் முடிந்த சமயம், ஒரு வன்கொடுமை வழக்குக்குச் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புதுசா வந்த பி.பி. கேஸ் கட்டைப் பிரிக்கவே இல்லை. கூண்டில் ஏற வேண்டிய கிழவியிடம், ‘நீ எந்தக் கேசும்மா?’ என்றார். அன்றைக்கும் வாய்தா. பழையவர் மட்டும் ஒழுங்கா? எதிரிகளோட டீ குடிச்சவர்தான். ஆகவே நீக்கியது சரியா தப்பா என்பதோடு நம் கேள்வி முடியாது.

2004இல் ஜோரி மால் வழக்கில், பதவி நீட்டிப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலம் முடியக் காத்திருந்து ஆளை மாற்ற எந்த ஆட்சிக்கும் தடையில்லை. வக்கீல்கள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு 1995 விதிகளில் 4ஆம் விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் மூத்த வழக்கறிஞரை அமர்த்தலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாளே அந்த மனுவை எழுதுவோம். கட்டைப் படிக்கிற ஆள் யார் என்று நாம கேட்கணும். கேக்காம யாரும் தரமாட்டாங்க.