மூன்று டிஸ்க், பதினைந்து மணி நேரம்

கோட்டுகால் என்ற ஊரில் ஒரு கல்யாண ஸ்டுடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு 8 டிபி டிஸ்க் போட்ட பெட்டி. ஒரு டிஸ்க் போனாலும் படங்கள் போகாத ரெய்டு 5 அமைப்பு. துலாமாதத்து இடியில் ஒரு டிஸ்க் போய்விட்டது. ஆரஞ்சு விளக்கு எரிகிறது, ஆல்பம் வேலையோ நிற்கவில்லை. புது டிஸ்க்கைச் செருகியதும், போனதில் இருந்ததை அதில் மீண்டும் எழுதும் 'ரீபில்டு' ஓடத் தொடங்குகிறது. இனிப் பயமில்லை என்று கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறார்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும்படி நான்காவதில் 0 எழுதப்படும். மூன்றாவது டிஸ்க் போனாலும் மிஞ்சிய 1, 0, 0 போதும். தொலைந்தது 1 என்று கணக்கே சொல்லிவிடும். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் பெர்க்லியிலிருந்து 1988இல் முன்வைத்த இந்த யோசனையின் அழகு, கடையை மூடாமலே பழுது பார்க்கலாம் என்பதுதான்.

ஆனால் அவர்கள் கணக்கில் வந்த சிறு டிஸ்க்கின் கொள்ளளவு 100 எம்பி. முழுவதையும் படிக்கச் சில நிமிடம் போதும். அதன்பின் கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 8 டிபியை நிரப்ப ஏறக்குறைய 15 மணி நேரம். நடுவே ஆல்பம் வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். அவ்வளவு நேரமும் மிஞ்சிய மூன்று டிஸ்க்கையும் ஓரம் விடாமல், மொத்தம் 24 டிபி, படித்தாக வேண்டும். பல டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் சொல்லும் எல்லை, 12.5 டிபி படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் ஒரே நாளில் வாங்கி, ஒரே வெக்கையில் ஓடி, ஒரே இடியைத் தாங்கியவை இவை. ஒன்று போனபின் மற்றவை புதிதுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் போனால் மொத்தமும் போயிற்று.

ரெய்டு 6இல் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். அதற்கு ஒரு டிஸ்க் விலை கூடுதல். மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் படித்துச் சோதிக்க வைத்தால், பழுதான இடங்கள் முன்பே தெரிந்துவிடும். தவறுதலாக அழித்த கோப்பை மட்டும் எந்த ரெய்டும் மீட்டுத் தராது. ரீபில்டு, வேலை நிற்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. படங்களைக் காப்பது பேக்கப்தான்.

ஆகவே, வேறு பிரதி இல்லாத கடையில் ஆரஞ்சு விளக்கைக் கண்டதும் முதலில் கைபோக வேண்டியது புது டிஸ்க்கின் மேல் அல்ல. இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, யுபிஎஸ் பேட்டரியையும் பார்த்துவிட்டு, அப்புறம் செருகலாம். ரீபில்டு தோற்றாலும் அந்தக் கல்யாணப் படங்கள் தப்பிவிடும்.