ஒத்திகையற்ற மேடையும் முதிர்ந்த குரலும்: 'வள்ளி திருமணம்' குறித்து

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமண'த்தை அச்சுப் பனுவலாக மட்டும் வாசிக்கும் ஆய்வு அதில் பாதியையே காண்கிறது. மறுபாதி, திருவிழா மேடைகளில் விடிய விடிய நிகழும் ஸ்பெஷல் நாடகத்தில் உள்ளது. அங்கு நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கின்றனர். முருகனும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கத்தில் எப்பாடல் எழும், எவ்வினாவுக்கு எவ்விடை வரும் என்பது அவ்விரவில்தான் முடிவாகிறது. ஆர்மோனியக் கலைஞர் சுருதி தருவதோடு தாமும் பாடி அதனை நடத்திச் செல்கிறார்.

ஆகவே மூத்த ராஜபார்ட் நடிகரின் நினைவே இங்கு ஒத்திகையாகிறது. மேல்தாயியில் அவர் குரல் பிசிறலாம். எதிராளியின் பாடல் முடியுமுன் மறுமொழியை ஆயத்தமாக வைத்திருப்பவரும் அவரே. 'குரல் போய்விட்டது' என்னும் மதிப்பீடு கச்சேரி அளவுகோலை (கச்சேரிக்கே அது முழுதும் பொருந்துமா என்பது வேறு வினா) நாடகத்தின்மேல் ஏற்றுகிறது. முருகன் கிழவனாக வரும் கதையில் முதியவர் ஒருவர் குமரனாகப் பாடுவதை அவையோர் முரணாகக் கொள்வதில்லை. விருத்தாம்பிகையும் பாலாம்பிகையும் ஒரே கோயிலில் உறையும் முதுகுன்றத்தார்க்கு இது புதிதன்று.

இம்மதிப்பீட்டின் பின்னே எஸ்.ஜி. கிட்டப்பா நிற்கிறார். 1933இல் 27 வயதில் மறைந்த அவரது குரல் இசைத்தட்டுகளில் மூப்படையவேயில்லை. பக்கத்திற்குச் சில நிமிடங்களே ஓடும் அத்தட்டில் ஓரிரவுத் தர்க்கம் அடங்குவதுமில்லை. அவருடன் மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளோ (1908–1980) 'ஒளவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) எனத் தொடர்ந்து பாடினார்; ஒளவை வேடத்தில் அக்குரலின் கனத்தை எவரும் குறையாகக் கேட்கவில்லை.