பந்தை எழுப்பிக் கொடுப்பவன்

தேத்தண்ணிக் கடையில் நடித்துக்கொண்டே இயக்குபவரின் கதை வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும். "உவருக்கு நடிப்பு சரிவரேல்லை, அதுதான் டைரக்சனுக்குப் போனவர்" என்பார் ஒருவர். பக்கத்து வாங்கில் இருப்பவர் விடமாட்டார். "டைரக்சனுக்குப் போயும் நடிப்பை விட்டவரோ? எல்லாக் காட்சியிலயும் தான்தானே நிக்கிறார்!" ஒரே ஆளை நடிக்கத் தெரியாதவர் என்றும் நடிக்காமல் இருக்க முடியாதவர் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டும் பிழை. நான் அவர் கட்சி. அதை மறைக்கப் போவதில்லை.

ஆட்டக்காரரின் பெயர் எழுதுவது இந்தப் பத்தியின் வழக்கமில்லை. சின்னத்திரையில் இயக்கி, நடித்து, பிறகு சொந்தமாகத் தயாரிக்கவும் துணிந்தவர். 'மெட்டி ஒலி', 'நாதஸ்வரம்' என்றால் போதும், விளங்கிவிடும். 'மெட்டி ஒலி'யில் வரும், ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2002இல், யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை திறந்த அதே ஆண்டு, தொடங்கிய தொடர் அது. எங்கள் ஒழுங்கையில் டிஷ் இருந்த வீட்டு வாசலில் இரவானால் கழற்றிவிட்ட செருப்புகள் கிணற்றடி வரைக்கும் கிடக்கும். உள்ளே இருந்தவர்கள் அந்தப் பெண்களுக்காக அழுதார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்: இந்தக் கணத்தில் கமரா யார் முகத்தில் நிற்கிறது?

அந்தத் தொடரில் கோபி என்ற பாத்திரமாக நிற்பவர் அவரே. கமராவை எங்கே வைப்பது என்று சொல்பவரும் அவரே. தன் முகத்துக்கு எத்தனை விநாடி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. ஆனால் வீட்டுக்குள் சண்டை முற்றும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். வசனம் கோபியின் வாயில் இருக்கும், கமரா கேட்டுக்கொண்டிருப்பவரிடம் போய்விடும். மாமியாரின் உதடு, மருமகளின் கை, கதிரையில் சாய்ந்திருக்கும் கிழவரின் தொண்டைக்குழி. நமக்கு ஞாபகம் இருப்பதும் அந்த முகங்கள்தான். அதை வைத்துத்தான் 'உவருக்கு நடிப்பு வராது' என்கிறோம்!

நம் ஊர்க் கரப்பந்தாட்டத்தில் இது தினமும் நடக்கிறது. வலைக்கு மேலே எழும்பி அடிப்பவனுக்குத்தான் விசில். ஒரு அடி முன்னால், விரல் நுனியால் பந்தை எழுப்பிக் கொடுத்தவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் தானும் அடிக்கக்கூடியவனாக இருந்தால்தான் எதிர்ப்பக்கம் குழம்பும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். நடித்துக்கொண்டே இயக்குபவரின் பலமும் அதேதான். தான் அடிக்கலாம் என்ற நிலையில் நின்றுகொண்டு, மற்றவருக்கு எழுப்பிக் கொடுப்பது.

சரி, பிறகு ஏன் அடிக்கடி திரையில் வருகிறார்? இதற்குப் பதில் மனசில் இல்லை, கணக்குக் கொப்பியில் இருக்கிறது. தினத்தொடர் என்றால் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அப்போது வாரம் ஐந்து நாள். ஒரு நடிகருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குச் சினிமாப் படப்பிடிப்பு, வெளிப்புறக் காட்சியன்று மழை. அன்றைக்கு எந்த நேரமும் கையில் இருக்கிற, கால்ஷீட் கேட்காத, சம்பளப் பாக்கி வைத்தாலும் முறைக்காத நடிகர் ஒருவர்தான், தயாரிப்பாளர். அவரை வைத்து ஒரு காட்சியை இட்டு நிரப்பினால் அன்றைய பொழுது தப்பும். நாம் தற்பெருமை என்று படித்தது பெரும்பாலும் மழைநாள் ஏற்பாடு. இயக்குநர் அடக்கி வைத்த முகத்தைத் தயாரிப்பாளர் வெளியே தள்ளுகிறார். ஒரே உடம்புக்குள் நடக்கும் இந்த இழுபறிதான் எனக்கு ஆட்டம்.

2014 மார்ச் 5ஆம் திகதி 'நாதஸ்வரம்' ஆயிரமாவது அத்தியாயத்தை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் நேரலையாகக் கொடுத்தார்கள். கின்னஸ் கணக்கு எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். ஓர் இயக்குநர் தன் கையிலிருக்கும் ஒரே ஆயுதமான 'கட்'டைத் தானாகக் கீழே போட்டார் என்பதுதான் எனக்குப் பெரிது. அதற்குப் பிறகு முழு ஆட்டமும் நடிகர்களின் கால்களில். வெட்டி ஒட்டி வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தைரியம் வராது. முன்னே நின்று நடித்த பயம் தெரிந்தவருக்கு வரும்.

ஒருவரே நடித்து நடத்துவது நமக்குப் புதிதுமில்லை. கூத்தில் அண்ணாவியார் தாளத்தோடு ஓரத்தில் நிற்பார். பாட்டு இறங்கினால் தானே எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டு மறுபடியும் ஒதுங்குவார். காங்கேசன்துறை வசந்த கான சபா நாடகத்தில் அரிச்சந்திரனாக நின்றவரே சபாவையும் நடத்தினார். மயான காண்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த சந்திரமதி புலம்புவாள்; அரிச்சந்திரன் கையில் தடியோடு கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடத்துகிறவனே கேட்கிறவனாகவும் நிற்பது எவ்வளவு கனமான வேலை என்று நம் பாட்டன்மாருக்கு விளங்கியிருந்தது. 'கோலங்கள்' தொடரின் இயக்குநரும் தனக்கு நண்பன் தொல்காப்பியனின் இடத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தக் கதையின் பாரத்தை நாயகி அபி அல்லவா சுமந்தாள்!

இனிச் சோதிடம். யாழ்ப்பாணம் சர்வதேச திரைப்பட விழா தொடங்கிய 2015க்குப் பிறகு கமரா தூக்கிய எங்கட பெடியளில் ஒருவன் இதே பாதையில் வருவான். மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நிற்கும் கதாநாயகன் அல்ல; மூன்று குறும்படத்தில் நண்பனாக வந்து, மற்றவன் பேசும்போது ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு நின்றவன். முதல் படத்துக்கு ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் மாமா காசு அனுப்புவார். மாமாவுக்கு மருமகன் முகம் திரையில் தெரிய வேண்டும், ஆகவே அந்தப் படத்தில் அவன் அளவுக்கு மிஞ்சி வருவான், நாங்களும் கடையில் இருந்து கிழிப்போம். இரண்டாவதை யூடியூப் தொடராக, பதினைந்து நிமிடத் துண்டுகளாகச் செய்வான், கடன்படுவான். மூன்றாவதில்தான் கை பழகும். அதன் கடைசிக் காட்சி ஒரு நாற்சார் வீட்டு முற்றத்தில் வெட்டில்லாமல் போகும் என்றும், அதில் அவனுடைய முதுகு மட்டும் தெரியும் என்றும் பந்தயம் கட்டுகிறேன். முகத்தைக் காட்டினானென்றால் அன்றைக்குக் கடையில் எல்லோருடைய தேத்தண்ணிக் காசும் என் பொறுப்பு.