அளவு நாடா சொல்லாத பருவம்

தை பிறந்ததும் கோடியக்கரை முதல் கொள்ளிடம் முகத்துவாரம் வரை பங்குனி ஆமைகள் கரையேறத் தொடங்கும். அவற்றின் பருவத்தை யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. மணலைத் தோண்டி நூறு முட்டையை இட்டுப்போவதே சான்று. கரைக்கு வராதவற்றின் கதை வேறு. ஆண் ஆமை முட்டையிடும் மணலை மிதிப்பதே இல்லை. இளசுகளும் வருவதில்லை. இழுவலையில் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கும் ஆமை இனப்பெருக்க வயதை எட்டியிருந்ததா என்று எப்படி அறிவது? பெரும்பாலும் ஓர் அளவு நாடாவைக் கொண்டுதான். ஓட்டின் வளைவோடு நீளத்தை அளந்து, அது முட்டையிட வரும் பெண் ஆமைகளின் அளவான 70 சென்டிமீட்டரை ஒட்டியிருந்தால் முதிர்ந்தது என்று கொள்வது வழக்கம்.

இந்த முறையை எளிதில் தள்ளிவிட முடியாது. செலவு இல்லை, விலங்குக்கு வலி இல்லை, இரவில் கடற்கரையில் நடக்கும் கல்லூரி மாணவரும் செய்யலாம். ஒடிசாவில் அளந்ததை நாகப்பட்டினத்தில் அளந்ததோடு ஒப்பிடலாம். ஆனால் நீளம் வேறு, முதிர்ச்சி வேறு. 110 நாளில் அறுக்கும் ஆடுதுறை 36 நெல்லும், 150 நாளைத் தாண்டி நிற்கும் பொன்மணி நெல்லும் முழங்கால் உயரத்தில் நிற்கும்போது, உயரத்தை மட்டும் பார்த்துக் கதிர் வரும் நாளை எந்தத் தஞ்சை விவசாயியும் சொல்ல மாட்டார்.

நாடாவின் குறை அப்பட்டமாகத் தெரிவது தஞ்சாவூர் மாவட்டத்தின் சொந்தக் கடலில்தான். மனோரா, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகள் உண்டு; 2022இல் அங்கே கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதே புல்லை மேயும் இன்னொரு விலங்கு பேராமை. அது மேய்வது ஓரிடம், முட்டையிடுவது வேறிடம். ஒரே மேய்ச்சலில் வெவ்வேறு கரைகளுக்குரிய ஆமைகள் கலந்திருக்கலாம். முதல்முறை முட்டையிடும்போது ஓடு எவ்வளவு நீளம் என்பதும் கரைக்குக் கரை மாறும். 85 சென்டிமீட்டர் பேராமை ஒன்று வலையில் சிக்கினால், ஒரு கரைக் கணக்கில் அது தாய், இன்னொரு கரைக் கணக்கில் பருவம் எட்டாதது. எந்தக் கரைக்குரியது என்று தெரியாதவரை அந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

வாலைப் பார்க்கலாம் என்பார்கள். முதிர்ந்த ஆணின் வால் ஓட்டைத் தாண்டி நீண்டு தொங்கும், உண்மைதான். ஆனால் பருவம் எட்டும் முன்னரே அது நீளத் தொடங்கிவிடும். வால் குட்டையான பெரிய ஆமை பெண்ணாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அவள் முதிர்ந்தவளா என்பது அப்போதும் தெரியாது. நம்பகமான வழி உள்ளே பார்ப்பதுதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் காலின் லிம்பஸ் குழுவினர் பின்தொடை ஓரம் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே சினைப்பையைப் பார்த்துப் பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். முட்டைக்குழாய் மெல்லிய நூலாக நேராக ஓடினால் இளசு. தடித்துச் சுருண்டிருந்தால் முதிர்ந்தது. முன்பு முட்டை விட்ட தழும்புகூடத் தெரியும். ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும், கால்நடை மருத்துவர் வேண்டும், வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்பதால் அனுமதியும் வேண்டும். நம் கரையில் அது அன்றாட வேலையாக முடியாது. அல்ட்ராசவுண்டில் வலி குறைவு. ஆனால் முட்டையிடாமல் ஓய்ந்திருக்கும் ஆண்டில் பேராமைத் தாயும் அதில் இளசுபோலத் தெரியக்கூடும்.

வயதை அறிய மேற்கை எலும்பை மெல்லச் சீவி வளர்ச்சிக் கோடுகளை எண்ணும் முறையும் உண்டு. வட பசிபிக் பங்குனி ஆமைகளின் எலும்பை ஆராய்ந்த ஜார்ஜ் ஸுக் முதலியோர் 2006இல் சொன்ன முதிர்ச்சி வயது 10 முதல் 18 வரை. ஆனால் உட்புறக் கோடுகள் காலப்போக்கில் கரைந்துவிடும். எஞ்சியதிலிருந்து கணித்தாக வேண்டும். தோணி ஆமையின் கண் எலும்பில் கோடுகளை எண்ணி, அதன் முதிர்ச்சி வயது 13, 14 என்று 1996இல் சொன்னார்கள். 2009இல் வந்த இன்னொரு ஆய்வு கிட்டத்தட்ட 25 முதல் 29 என்றது. ஒரே விலங்கு, இரு மடங்கு வேறுபாடு.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை அல்ல. பொரிப்பகங்களில் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளை விடுவதில் நாம் நிறைவு கொள்கிறோம். பெருந்தலை ஆமைகளை வைத்து 1987இல் குரோஸ், குரவுடர், காஸ்வெல் போட்ட கணக்கோ, முட்டையை மட்டும் காத்தால் போதாது, முதிர்ச்சியை நெருங்கும் பெரிய ஆமைகள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று காட்டியது. அதுபோன்ற கணக்கைப் பங்குனி ஆமைக்குப் போடும்போது, முதிர்ச்சி வயதை 10 என்று வைப்பதற்கும் 18 என்று வைப்பதற்கும் இடையே 8 ஆண்டுக் கடல் வாழ்க்கை, அதாவது 8 ஆண்டு வலை ஆபத்து இருக்கிறது.

ஆகவே நாடாவை வீச வேண்டாம். அதை மட்டும் நம்பி எழுதுவதை நிறுத்தினால் போதும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின; நாகை, மயிலாடுதுறைக் கரைகளுக்கும் இது புதிதல்ல. சாவின் காரணம் தேடி உடலைத் திறக்கும்போதே முட்டைக்குழாயையும் பார்த்து எழுதிவிடலாம். அழுகி உப்பிய உடலில் சினைப்பை மிஞ்சாது, மேற்கை எலும்பு மிஞ்சும். குழியில் தள்ளும் முன் அதை எடுத்து, ஓட்டு நீளத்தோடு சேர்த்து வைத்தால், இந்தக் கரைக்கென்று ஓர் அட்டவணை சில பருவங்களில் உருவாகும். ஏப்ரல் 15இல் 61 நாள் விசைப்படகுத் தடை தொடங்கும்போது முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்திருக்கிறது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் சாவது தாய்களா இளசுகளா என்பதற்கு அந்த அட்டவணை பதில் சொல்லும்.