வேற மாதிரி பண்ணிப் பாரு: ஜாப் கோச்சிங் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

போன பங்குனியில் காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு, ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றோம். திண்ணையில் புளி குவிந்து கிடந்தது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒருவர் சின்னக் கட்டையால் பழத்தைத் தட்டி, ஓட்டை உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா நாரை உருவி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஓடு சரியாகப் போகாத பழம் கைக்கு வந்தால் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை மகன் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு பக்கமாகத் தட்டினார்.

"சின்னதுலேருந்து இவனுக்குப் பேச்சு, புத்தி எல்லாம் மெதுவுங்க. ஆனா ஓடு உடைக்கிறதுல என்னைவிட வேகம்" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட இதே காட்சியை ஒரு அமெரிக்க ஆய்வில் படித்திருந்தேன்.

அதையெல்லாம் நான் ஏன் படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பதினோரு வருடமாக ஒரு பயிற்சி மையத்துக்குப் போகிறான். மெழுகுவத்தி, காகிதப் பை எல்லாம் நன்றாகச் செய்வான். ஆனால் இன்றைக்கும் "பயிற்சியில்"தான் இருக்கிறான். பயிற்சி எப்போது முடிந்து வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று தேட ஆரம்பித்ததில்தான் மார்க் கோல்டிடம் போய்ச் சேர்ந்தேன்.

1972இல் கோல்ட் வெளியிட்ட ஆய்வு அது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்குமே, அந்த சைக்கிள் பிரேக்கின் 15 பாகங்களைக் கோக்க வேண்டும். கற்றுக்கொண்டவர்கள் மிதமான, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள 64 பேர். இவர்களால் இது முடியாது என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. அவர் வேலையைச் சின்னச் சின்ன படிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு, பாகத்தின் எந்தப் பக்கம் தன்னைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் நிறம் பூசிக் கொடுத்தார். பிறகு 24 பாகங்கள் கொண்ட வேறொரு பிரேக்குக்குப் போனார்கள். கற்றவர்கள் அதையும் கோத்தார்கள்.

கோல்டின் முறையில் பேச்சு ரொம்பக் குறைவு. சரியாகச் செய்தால் பாராட்டு மழை கிடையாது. பயிற்றுநர் சும்மா இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். தப்பினால் "வேற மாதிரி பண்ணிப் பாரு". அந்த முறைக்கே அதுதான் பெயர். ஒருவர் கற்கவில்லை என்றால் கோளாறு சொல்லிக்கொடுத்த விதத்தில் என்பார். எங்கள் தொழிலில் பயனருக்கு மென்பொருள் புரியவில்லை என்றால் பயனரைத் திட்டுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரான புத்தி இது.

இதிலிருந்தெல்லாம் வளர்ந்ததுதான் ஜாப் கோச் என்கிற ஏற்பாடு. 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வேலையில் சேர்ப்பது, அங்கேயே கற்றுக்கொடுப்பது. 1986இல் அமெரிக்கச் சட்டத்திலேயே இது இடம்பிடித்தது. கோச் வேலையிடத்துக்குக் கூடவே போவார், வேலையைப் படிகளாகப் பிரிப்பார், பக்கத்தில் உட்காருவார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். யோசித்தால் எனக்கும் முதல் கம்பெனியில் மூன்று மாதம் ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதை யாரும் சலுகை என்று சொல்லவில்லை.

இதுவரை கோல்ட் கட்சி. இனி என் விமர்சனம்.

முதலாவது, இந்த ஏற்பாடு ஒரு முதலாளி, ஒரு நாற்காலி, தினமும் ஒரே மாதிரி வேலை ஆகிய மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. ஜவ்வாது மலையில் இன்றைக்குப் புளி, அப்புறம் கடுக்காய், அப்புறம் சாமை. வேலையிடம் என்பது திண்ணை, களம், காடு. கோச் எங்கே வந்து உட்காருவார்?

"மலையில் கோச்சே தேவையில்லை, அம்மா இருக்கிறார், எல்லோருக்கும் இடம் இருக்கிறது" என்று ஒரு மணி நேரம் நானும் நினைத்தேன். பிறகுதான் ஒரு கேள்வி கேட்டேன். வியாபாரி மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார், சுத்தம் செய்த புளியை எடை போட்டுக் கூலி தருகிறார். இதில் இவருக்கு எவ்வளவு?

அம்மா சிரித்துவிட்டார். "அவனுக்கு எதுக்குங்க காசு? சோறு நாந்தானே போடறேன்."

அவர்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் என் இரண்டாவது, முக்கியமான விமர்சனம் இங்கேதான். ஜாப் கோச்சிங் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலும் திறமையைத்தான் அளக்கிறார்கள். எத்தனை படி, எத்தனை தப்பு, எத்தனை நாள். கூலி யார் பெயரில் என்பது பின்னாலேயே வருகிறது. அமெரிக்காவிலேயே, 1938ஆம் வருடச் சட்டத்தின் ஒரு பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதித்தது. பிரேக் கோக்கத் தெரியும் என்று நிரூபித்தது ஒரு வெற்றி. அதற்கு முழுக்கூலி வாங்குவது வேறு சண்டை.

கோல்டே ஒன்று சொல்கிறார்: ஒருவரின் திறமை எவ்வளவு கூடுகிறதோ, அவரிடமுள்ள வித்தியாசத்தை மற்றவர்கள் அவ்வளவு பொறுத்துக்கொள்வார்கள். சரி, ஆனால் திறமை மற்றவர் கண்ணில் பட வேண்டுமே! வியாபாரியின் தராசில் தெரிவது அம்மாவின் கிலோ மட்டும்தான். அம்மா இல்லாத நாளில் அந்த வேகமான கை யார் கணக்கில் வரும்?

நம் சட்டம் என்ன செய்கிறது? 2016 சட்டம் அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் கடைசி 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் சான்றிதழும் படிப்பும் வேண்டும். மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் தருவது அவசியமான உதவி. ஆனால் அதன் பெயரே பராமரிப்பு உதவித்தொகை. பராமரிக்கப்படுபவர் என்று பார்க்கிறது, உழைப்பவர் என்று பார்க்கவில்லை.

மலைக்குப் பொருந்துகிற மாதிரி நான் பார்த்த ஒரே ஆவணம், எதிர்பாராத இடத்தில் இருந்தது: நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2013 வழிகாட்டு நெறிகள். மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைகளை அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். குடிதண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, கன்று நடுவது, புதுச் சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது. பெரிய வேலையிலிருந்து ஒருவருக்கு ஏற்ற துண்டை வெட்டி எடுக்கும் இந்த வித்தையை ஜாப் கோச்சிங் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. இங்கே அது சத்தமில்லாமல் ஒரு அரசுப் பட்டியலில் இருக்கிறது. முக்கியமாக, கூலி செய்தவர் கணக்குக்கே போக வேண்டும். இல்லாதது பக்கத்தில் உட்கார ஆள்தான். பணித்தளப் பொறுப்பாளருக்கு அந்தத் திண்ணை அம்மாவின் வித்தையைக் கொஞ்சம் கற்றுக்கொடுத்தால், மலைக்கான ஜாப் கோச் தயார் என்று நினைக்கிறேன்.

திண்ணையில் செய்யக்கூடியது இன்னும் சின்னது. ஓடு உடைத்த குவியலைத் தனியாக எடை போட்டு, அவர் பெயரில் ஒரு நோட்டில் எழுதுவது. கிளம்பும்போது இதைச் சொன்னேன். "எழுதினா அவனுக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றார் அம்மா. வியாபாரிக்குத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார், பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சட்டென்று கேட்டுவிட்டேன். அத்தை மகன் பதினோரு வருடமாகச் செய்யும் மெழுகுவத்திகள் விற்பனைக்குப் போகின்றன. நானே வாங்கியிருக்கிறேன். அதில் அவனுக்கு எவ்வளவு என்று மையத்திலும் கேட்டதில்லை, அத்தையிடமும் கேட்டதில்லை, அவனிடமும் கேட்டதில்லை.