அருச்சகர் உடையும் திருவேடமும்

திருக்கோயிலில் வழிபாடு நடத்துவோர் உடுக்கும் உடை எதன்பொருட்டு என்னும் வினா சிறிதாகத் தோன்றினும், சைவநூற் கருத்தின் உள்ளீட்டைத் தொடுவதாகும். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக்கிளை, கோயில் புகுவார் இன்ன உடையே உடுத்தல் வேண்டுமென ஆணை பிறப்பித்தது. திருவில்லிபுத்தூரும் வ. புதுப்பட்டியும் அக்கிளையின் எல்லைக்குள் அடங்குவன. 2016 சனவரி முதல்நாள் நடைமுறைக்கு வந்த அவ்வாணை, அவ்வாண்டிலேயே நீக்கப்பெற்றது. அது வழிபட வருவாரை நோக்கியதேயன்றி, வழிபாடு நடத்துவாரை நோக்கியதன்று. முதற்கண் ஆராயத்தக்கது பின்னதேயாம்.

அருச்சகர் சட்டையணிந்து பூசித்தால் வரும் இழுக்கு யாது என்பார் ஒருசாரார். மரபுடை ஒன்றே அமையும் என்பார்போல ஒழுகுவார் மற்றொருசாரார். இவ்விரண்டும் பொருந்தா.

பூசைக்கு முன்னர்ச் செய்யும் சுத்தி ஐந்தனுள் ஆன்மசுத்தி ஒன்று. அதன்கண் ஈசானம் முதலிய ஐந்து மந்திரங்களையும் தலை, முகம், மார்பு, குய்யம், தாள் என்னும் உறுப்புக்களில் முறையே பதித்து, சிவமாந்தன்மை எய்திநின்றே சிவனைப் பூசித்தல் வேண்டுமென்பது ஆகமத் துணிபு. மந்திரம் பதிந்த மெய் நீறணிந்து விளங்குதலும், அரையில் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்தலும் இதற்கு இயைந்தன. காற்றுப் புகாக் கருவறையின் வெம்மைக்கும், திருமஞ்சன நீரின் ஈரத்திற்கும் பருத்தியாடையே ஏற்றது. செயற்கையிழையோ சுடர் பட்டால் உருகி உடலிற் பற்றும்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1604-ஆம் ஆண்டு விதி, குருமார்க்கு வெண்மேலங்கியைக் கட்டாயமாக்கிற்று. 2017-இல் அதன் பொதுப்பேரவை, சபையார் இசைவு உளதாயின் அவ்வங்கியை விடலாமென்று ஒப்பியது. அங்கு எழுந்த வழக்கு, குருவுக்கும் கூடியிருப்பார்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. சைவக் கருவறையிலோ அருச்சகர் இறைவனை நோக்கி நிற்பவராதலின், அவர் உடை காண்பார் பொருட்டு அமைந்ததன்று.

அற்றேல், வேடத்தையே அரனெனத் தொழுக என்று சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் கூறுதலின், வேடமே அமையாதோ எனின், அமையாது. மெய்ப்பொருள்நாயனார், பொய்வேடம் பூண்டு தம்மைக் குத்திய முத்தநாதனையும் காத்து விடுவித்தார். ஏனாதிநாதர், பகைவன் நெற்றியில் நீறு கண்டு போரொழிந்து நின்றார். இவ்வரலாறுகள் வேடத்தைக் காண்பாரது கடமையை உணர்த்துவனவேயன்றி, பூண்டாரது தகுதியை நாட்டுவன அல்ல. முத்தநாதனை அடியாருள் வைத்து எண்ணினார் ஒருவருமிலர்.

ஆறுமுகநாவலர் சைவவினாவிடையில், திருக்கோயிலிற் செய்யத்தகாதனவற்றுள் சட்டையிடுதலையும் தலையில் ஆடை தரித்தலையும் வைத்தார். வீண்வார்த்தை பேசுதலையும் அவற்றோடு ஒருங்கெண்ணினார். உடையும் ஒழுக்கமும் ஒரே வரிசையில் நிற்றல் கருதத்தக்கது. பஞ்சகச்சம் செவ்விதின் உடுத்து, இடையிற் செருகிய கைப்பேசி ஒலிக்க, அருச்சனையை இடைநிறுத்துவார் இவ்விதியின் ஒருபாதியையே கைக்கொண்டவராவர்.

இனி, குறை முழுதும் அருச்சகர்பாலது என்றலும் அடாது. ஒருகாலப் பூசையே நிகழும் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றை ஒருவரே ஏற்று, இருசக்கர வண்டியில் ஊர்தோறும் சென்று பூசிப்பதும் உண்டு. அன்னார்க்கு நீராடக் கிணறும், ஆடை உலர்த்த இடமும், மாற்றுடையும் உதவாத நிருவாகத்தார் விதியை மட்டும் எடுத்துக்காட்டுதல் முறையன்று. தோய்த்துலர்ந்த ஓர் ஆடையை நாடோறும் கிடைக்கச் செய்தலும் சிவத்தொண்டேயாம். அதனைச் செய்தபின்னரே அருச்சகரை உடைபற்றி வினவும் உரிமை ஊரார்க்கு உளதாகும் என்க.